சம்பந்திக்காக வாங்கிய ரவுட்டர்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் ஒரு குறையுமின்றி இருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நிற்க. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில், என் மகள் வேலையை விட்டுவிடுவது நல்லது என்று தாங்கள் விளக்கிக்கொண்டிருந்தபோது பேச்சு பாதியில் அறுந்துபோனது. கைபேசி அப்போது சமையலறையில் என் மனைவியின் கையில் இருந்தது. நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்ப்பதற்குள் திரை கறுத்துவிட்டது. அதன் பிறகு நான் கூப்பிட்டும் தாங்கள் எடுக்கவில்லை. நாங்கள் வேண்டுமென்றே துண்டித்ததாக நினைத்து, தாங்கள் என் மகளிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். குடிநீர் வாரியத்தில் குழாய் அழுத்தம் பார்த்தே ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: குற்றம் மனிதர்கள் மேல் இல்லை. வாசல் பக்கம் நிறைய வருவது கடைக்கோடிக்குப் போய்ச் சேருவதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ரவுட்டர் வாசல் கதவுக்கு மேலே இருக்கிறது. அதை மாட்ட வந்தவரிடம் அன்று கேபிள் அவ்வளவு நீளம்தான் இருந்தது. அங்கிருந்து சமையலறைக்கு நடுவில் இரண்டு சுவர், ஓர் இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ். அழைப்பு அறுந்த மறுநாளே கடைக்குப் போனேன். கடைக்காரர் இன்னொரு ரவுட்டரைக் கொடுத்து, "வீட்டுக்கு நடுவுல வச்சிடுங்க சார், எல்லா ரூமுக்கும் போகும்" என்றார். டேப் பிடித்து அளந்தேன். வீட்டின் நடு குளியலறைக்குள் விழுந்தது. குளிக்கிற இடத்தில் எதுவும் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று மனைவி தீர்மானமாகச் சொன்னதால், குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு பலகை அடித்து வைக்கலாம் என்று முடிவாயிற்று. ஊர் முழுவதும் மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அறிந்தவனுக்கு, சொந்த வீட்டுச் சுவருக்குள் ஒன்று போவது தெரியாமல் இருந்திருக்கிறது. ஆணி இறங்கியதும் தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடித்தது. அழுத்தம் நன்றாகவே இருந்தது. பிளம்பர் வந்து சுவரை உடைத்துச் சரிசெய்துவிட்டு, இங்கே யார் ஆணி அடித்தது என்று கேட்டார். எலக்ட்ரீஷியன் என்று சொல்லிவிட்டேன்.

பலகை இடம் மாறி, கேபிள் கூடத்துச் சுவரோரமாக வந்து சேர்ந்து, ஒருவழியாகப் புது ரவுட்டரை மாட்டியதும் கைபேசியில் எல்லாக் கோடுகளும் வந்தன. ஆனால் எதுவும் திறக்கவில்லை. "உங்க ஆபீஸ் குழாய் மாதிரிதான். திறந்தா காத்து மட்டும் வருது" என்றாள் மனைவி. அந்த நேரம் பார்த்து மாடியில் குடியிருக்கும் பெண், வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்குக் கணக்கு எழுதுபவர், இறங்கி வந்து நெட் வரவில்லையே என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய நெட்டுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவர் இத்தனை நாளும் எங்கள் இணைப்பில்தான் வேலை பார்த்திருக்கிறார். கடவுச்சொல்லை என் மனைவியே கொடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லத் தோன்றவில்லையாம். அந்தப் பெண்ணே இரண்டு ரவுட்டரையும் பார்த்துவிட்டு விளக்கினார்: வீட்டிலுள்ள கைபேசி, டிவி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு எண் பிரித்துக் கொடுக்கும் வேலையை ஒரு ரவுட்டர்தான் செய்ய வேண்டும், இங்கே இரண்டும் செய்து குழப்புகின்றன. "ரெண்டுமே தான்தான் வீட்டுக்குப் பெரியவர்னு நினைச்சுக்கிட்டிருக்கு அங்கிள். புதுசைச் சும்மா இருக்கச் சொல்லணும்." அதை நானே செய்துகொள்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்து, பழையதைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டேன். அதோடு நெட் கீழேயும் இல்லை, மாடியிலும் இல்லை. அவர் மறுபடி வந்து என்னை நாற்காலியிலிருந்து எழச் சொன்னார், எழுந்தேன். பழையது எண் கொடுக்கட்டும், புதியது அலையை மட்டும் பரப்பட்டும் என்று வேலையைப் பிரித்து, இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது சமையலறையில் படம் பளிங்கு போலத் தெரிகிறது. மனைவியை அடுப்புக்கு எதிரே நிற்கவைத்து, நான் தெருமுனைக்குப் போய் அழைத்தே சோதித்துவிட்டேன். ஆகவே வரும் ஞாயிறு தாங்கள் பழையபடி அழைக்க வேண்டும். மகளின் வேலை குறித்துச் சொல்ல வந்ததை ஆற அமரச் சொல்லி முடிக்கலாம். இனி எதுவும் அறுபடாது.

அங்கே மூத்தவர்களுக்கு எங்கள் வணக்கம். இளையவர்களுக்கு எங்கள் ஆசி எப்போதும்போல் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாறாத சம்பந்தி

பி.கு.: அண்ணா, உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். அன்றைக்கு லைன் நன்றாகத்தான் இருந்தது. சிவப்புப் பொத்தானை அமுக்கியது நான். அவள் வேலையை விடட்டும் என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னபோது, ஏதாவது சொல்லிவிடப் போகிறேனே என்று பயமாக இருந்தது. இவர் மறுநாளே டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சுவரை உடைத்த பிறகு நான் எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை அவசியம் கூப்பிடுங்கள். அதையே மறுபடி கேட்டால் இந்தத் தடவை அணைக்க மாட்டேன், பதில் சொல்வேன். ஒரு வார்த்தை விடாமல் உங்களுக்குக் கேட்கும்.