அண்ணாச்சி கடையின் பேட்டரி பாட்டில்

எனக்கு நல்லது செய்யும் வெறி கிளம்பினால் மந்தைவெளியில் யாரோ ஒருவருக்குக் கஷ்டகாலம் என்று அர்த்தம். அந்த முறை மாட்டியவர் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி.

செத்த பேட்டரியைக் குப்பையில் போட்டால் மண்ணுக்குக் கெடுதல், இப்போதெல்லாம் கடைகளிலேயே வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று எங்கோ படித்தேன். மறுநாள் அண்ணாச்சி கடைக்குப் போனால், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் நிறையப் பேட்டரி. அடடா, அண்ணாச்சிக்குத்தான் என்ன பொறுப்பு என்று உருகிப்போனேன். (அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் லலிதா இல்லையே.)

அவர் உள்ளே பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் சேர்த்ததையெல்லாம் பாட்டிலில் போட்டேன். எது எதில் கிடந்தது என்று ஒவ்வொரு பேட்டரியிலும் பேனாவால் எழுதிவைப்பது என் வழக்கம். அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் சொன்னேன். 'நல்ல காரியம், சத்தமில்லாமல் செய்யுங்கள்' என்று வேறு எழுதினேன். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் அப்படியே செய்தார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். ரிமோட்டுக்கு என் கணவர் அண்ணாச்சி கடையில் பேட்டரி வாங்கிவந்தார். போட்டால், ஒரு சேனல்கூட மாறவில்லை. எனக்கு வந்ததே கோபம். அந்தப் பேட்டரியை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

அங்கே ஏற்கெனவே ஓர் ஆட்டோக்காரர் கத்திக்கொண்டிருந்தார். "இன்னா அண்ணாச்சி, டார்ச்சுல போட்டா மினுக்குன்னுகூட எரியல. ஏமாத்தினுகீறியா?"

"முப்பது வருசமா கட நடத்துதேன், ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்ல," என்றார் அண்ணாச்சி. அவர் முகமே செத்துப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து நானும், "உங்கமேல எவ்வளவு மரியாதை வெச்சிருந்தேன் அண்ணாச்சி," என்று ஆரம்பித்து, நேர்மையைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். கூட்டம் கூடிவிட்டது.

"கோச்சுக்காதீங்கம்மா, வேற தாரேன்," என்று அவர் கையை விட்டது அதே பாட்டிலில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது விற்கிற பேட்டரி.

அதற்குள் நான் கொடுத்ததைக் கண்ணாடிக்கு அருகில் வைத்து அவர் எழுத்துக்கூட்டினார். "இதுல என்னமோ எழுதிருக்கே. 'ஹால் கடிகாரம்'."

என் கையெழுத்து. அப்படியே நழுவியிருக்கலாம். ஆனால் ஆட்டோக்காரர் இன்னும் அவரை முறைத்துக்கொண்டிருந்தார். மானம் போய்க்கொண்டிருந்தது அண்ணாச்சிக்கு. "அது நான் போட்டது அண்ணாச்சி. நானும் எங்க பன்னிரண்டு வீடும்," என்றேன்.

அண்ணாச்சி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "நானும் விக்கேன், விக்கேன், பாட்டில் குறையவே மாட்டேங்கே," என்றார் மெதுவாக. "பிள்ளையாருக்குத் தேங்கா வேற ஒடச்சேம்மா."

இப்போது கடையில் இரண்டு பாட்டில்கள். பழைய பேட்டரிக்கு உண்டானதில் 'லலிதாம்மா' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். மாதம் ஒரு தடவை அதை மறுசுழற்சிக்காரர்கள் வாங்கிப்போகிறார்கள்.

வீட்டில் ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் என் பையன் அதை இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சொல்கிறான்: "அப்பா, லலிதா ஆயிடுச்சு."