பூஜை போட்ட குழாய்

சுத்தம் சுத்தம் என்று அலைகிறவர்களால் வரும் தொல்லையை யாரும் எழுதி வைப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன் என்பதைச் சோர்வோடு ஒப்புக்கொள்கிறேன்.

விருதுநகரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வெம்பக்கோட்டை போகிற வழியில் மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில், புதைத்த டேங்க் கசிகிறது, பக்கத்து வீட்டுக் கிணறு டீசல் நாறுகிறது என்று புகார். கிணறு பாண்டியம்மாளுடையது. பட்டாசு கம்பெனியில் வேலை பார்ப்பவர். கசிவு உறுதியானால் பங்க்காரர் பாண்டியம்மாள் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து தர வேண்டும். அதுவரை சாயங்காலம் கம்பெனி வேன் இறக்கிவிட்டதும் அவர் குடத்தோடு ஊர்க்கோடிக்கு நடக்க வேண்டும். அங்கே மண்ணும் தண்ணீரும் எடுத்துவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. (அந்தத் தலையை நம்பினார்கள், பாவம்.)

அந்த வாரம்தான் ஆயுத பூஜை. என் அப்பா சிவகாசி அச்சகத்தில் மிஷின் ஓட்டியவர். பூஜைக்கு முன்னால் மிஷினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளப்பாக்குவது எங்கள் குடும்பப் பழக்கம். நானும் விடவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, டீசல் கிடைத்தது. மண்ணைத் துளைத்து எடுக்கும் இரும்புத் திருகுக் கம்பியையும், கிணற்றில் இறக்கித் தண்ணீர் மொள்ளும் எஃகுக் குழாயையும் டீசலில் நனைத்த துணியால் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, அதே துணியில் பத்திரமாகச் சுற்றியும் வைத்தேன். வேலைக்கு முன்னால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பது விதி. இவ்வளவு பளபளக்கிற சாமானை யாராவது கழுவுவார்களா?

நான் போன அன்று, தீபாவளி சீசனில் லீவு போட்டுவிட்டுப் பாண்டியம்மாள் காத்திருந்தார்.

"தம்பி, இந்தக் குழா வாடை அடிக்கே. மோந்து பாத்தீகளா?"

"அது ஒங்க கிணத்து வாடைம்மா."

"இன்னும் கிணத்துக்குள்ள எறக்கவே இல்லயே."

நான் சிரித்தேன். நிலத்தடி நீர் எப்படி நகர்கிறது என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். அவர் வெயிலில் நின்று முழுவதையும் கேட்டார்.

ஒப்பிட்டுப் பார்க்கத் தொலைவில் ஒரு தோட்டக் கிணற்றிலும் தண்ணீர் எடுத்தேன். இரண்டு கிணற்றிலும் இறக்குவதற்கு முன்னாலேயே, கருவி சுத்தமாக இருக்கிறது என்று காட்டுவதற்காக, ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுபோன தூய நீரைக் குழாய்க்குள் ஊற்றி ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருந்தேன்.

முடிவு வந்தது. எல்லாப் பாட்டிலிலும் டீசல். எங்கள் தூய நீரில்தான் ஆக அதிகம்.

மேலாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"குழாயை எதுல தொடச்சீங்க?"

"டீசல்ல சார். பூஜைக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கழுவும் விதி அச்சிட்ட தாளை என் பக்கம் தள்ளினார்.

தோட்டக் கிணற்றிலேயே டீசல் இருக்கும்போது எங்கள் டேங்கை ஏன் குறை சொல்கிறீர்கள் என்று பங்க்காரர் தரப்பு கேட்டது. நியாயமான கேள்வி. அறிக்கை குப்பைக்குப் போனது. மறுபடி மனு, மறுபடி அனுமதி என்று மாதங்கள் இழுத்தன. அத்தனை நாளும் பாண்டியம்மாள் குடம் சுமந்தார். என்னால்தான் சுமந்தார். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் முறை போனபோது அவர் வாசலிலேயே மறித்தார். குழாயை வாங்கி மோந்தார். திருகுக் கம்பியை மோந்தார். அப்புறம், "கைய நீட்டுங்க" என்றார். நீட்டினேன். இரண்டு கையையும் மோந்து பார்த்துவிட்டு, "ம், எறக்குங்க" என்றார்.

இந்த முறை பங்க் மண்ணிலும் அவர் கிணற்றிலும் மட்டுமே டீசல் இருந்தது. அவர் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்த அன்று பார்க்கப் போனேன். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார்.

"அன்னைக்கு என் மூக்கு சொன்னத இம்புட்டு மாசங் கழிச்சு ஒங்க மிஷினு சொல்லிருக்கு. குடிங்க தம்பி."

இதை வீட்டில் சொன்னது என் அடுத்த தவறு. இப்போதெல்லாம் ரசத்தில் ஏதோ வாடை அடிக்கிறது என்று நான் வாயைத் திறந்தால் என் மனைவி, "கைய நீட்டுங்க" என்கிறாள். மகள் எழுந்து வந்து மோந்து பார்க்கிறாள். நானும் பேசாமல் நீட்டிவிடுகிறேன். ஒருமுறை ஒரு மூக்கோடு வாதாடி, வேறொருவரைக் குடம் சுமக்க வைத்தது போதும்.