பாடாத ரேடியோவுக்கு ஜுரம்

கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் தங்கம் தேடியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பூமிக்கு மேலே, வீடு வீடாகப் போய் வீணாகும் கரண்டைத் தேடிய மனிதர் ஈரேழு உலகத்திலும் ஒருவர்தான். எங்கள் பக்கத்து வீட்டு பியூஸ் அண்ணன். சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன்.

நம் வீட்டுக்கு வந்தால் யாரையும் சௌக்கியமா என்று கேட்கமாட்டார். நேராக மீட்டர் முன் நின்று உள்ளே சுற்றும் சக்கரத்தை முறைப்பார். ஒருமுறை பட்டப்பகலில் எங்கள் சாமி படத்துக்கு மேலே எரிந்த குட்டி பல்பைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாமா, சாமிக்கு இருட்டுல கண்ணு தெரியாதா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா பதிலுக்குக் காபி கொடுத்தார்.

அப்படிப்பட்டவர் வீட்டில்தான் தெருவின் ஒரே ரேடியோ வந்து இறங்கியது. வால்வு ரேடியோ, திருகினால் உடனே பாடாது, சூடேற வேண்டும். அதனால் அண்ணி சத்தத்தை மட்டும் குறைத்து, எரியவிட்டே சமையலுக்குப் போய்விடுவார். அண்ணன் வந்ததும் குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல அதன் தலையில் கை வைப்பார்.

"இன்னாமே, பாடவேயில்ல, கொதிக்குது? வேல செய்யாமயே கூலி துன்னுதா?"

"அணைச்சா மறுபடி சூடேற நேரமாவுதுங்க."

"ஆவட்டும். நீ இன்னா ரயிலா புடிக்கப் போற?"

வாயால் ஜெயிக்க முடியாமல் சுரங்க வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அங்கே லைனில் கை வைப்பவன், வேறு எவனும் கரண்ட் விட்டுவிடாதபடி பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். அண்ணன் ஷிப்டுக்குக் கிளம்பும்போது வீட்டுக் கட்டையும் பைக்குள் போனது. கரண்ட் பில் குறைந்தது; அண்ணியின் பொறுமையும்தான்.

அவர்கள் மகள் விமலாவுக்கு ஒரு ஞாயிறு காலை பெங்களூர் ரேடியோவில் பாட வாய்ப்பு வந்தது. நேரடிப் பாட்டு, விட்டால் போச்சு. முந்தின நாளே டீச்சரோடு ரயிலேறிவிட்டாள். ஞாயிறுதான் சுரங்கத்தில் மராமத்து நடக்கும் என்பதால் அண்ணனுக்கு லீவு இல்லை.

"நீ கேளு. வந்ததும் எனக்கு அப்டியே சொல்லு" என்று அண்ணியிடம் சொன்னவர், பழக்கதோஷத்தில் கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தெருவே கூடியிருந்தது. ரேடியோ செத்துக் கிடந்தது. எங்கள் வீட்டில் பிளக் கிடையாது, எங்கள் கட்டையும் அதில் பொருந்தாது. கட்டைக்குப் பதில் வெறும் கம்பியைச் சுற்ற எவனுக்கும் தைரியமில்லை. நான் சைக்கிளில் சுரங்க ஷாஃப்டுக்குப் பறந்தேன். வாசலில், ஆட்கள் இறங்கும் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் ஆள் கீழே போன் செய்தார். "அய்யய்யோ!" என்ற அண்ணனின் அலறல் எனக்கே கேட்டது. கேஜ் மேலே வந்தது. உள்ளே ஆளில்லை. ஒரு டிபன் பாக்ஸ், அதில் எலுமிச்சைச் சோற்றின் மேல் பியூஸ் கட்டை.

"இன்னாபா, ஆளு வரல, கட்ட மட்டும் ஷிப்டு முடிச்சிட்டு வந்துகீது?" என்றார் கேஜ்காரர்.

வந்து, துடைத்து, செருகினேன். விளக்கு எரிந்தது. வால்வு ஆற அமரச் சூடேறியது. அண்ணி ரேடியோவில் காதை ஒட்டி வைத்திருந்தார். கடைசியில் வந்த குரல், "இதுவரை பாடியவர் விமலா" என்றது.

மதியம் அண்ணன் சுரங்கத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். "கட்ட வந்துச்சா? பாப்பா எப்டிமே பாடுச்சி?"

இன்றைக்கு இவருக்கு இருக்கிறது என்று நாங்கள் ஒதுங்கி நின்றோம். அண்ணி அவர் முகத்தையே பார்த்தார்.

"தேனாட்டம் பாடுச்சிங்க. தெருவே அழுதுச்சி."

நாங்களும் ஆளாளுக்குத் தலையாட்டினோம். வால்வு சூடேற எவ்வளவு நேரமாகும் என்று எலக்ட்ரீஷியனுக்குத் தெரியாதா? அப்படியே திரும்பி வெளியே போனார்.

சாயங்காலம் எங்கள் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் மகள் இறங்கியதும், "அதே பாட்ட இங்கயே பாடு பாப்பா" என்றார். பிளாட்பாரத்தில் அத்தனை பேர் நடுவில் வெட்கப்பட்டுக்கொண்டே பாடினாள். அவர் துடைக்காமல் அழுதார்.

அடுத்த நாளிலிருந்து அந்த ரேடியோ பாடினாலும் பாடாவிட்டாலும் எரிந்துகொண்டே இருந்தது. எங்கள் வீட்டு மீட்டரை மட்டும் அண்ணன் விடாமல் முறைத்தார். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.