முழு வரிவிலக்கு

உலக மருத்துவ வரலாற்றிலேயே நோயாளிகளுக்கு முழு 'வரிவிலக்கு' அளித்த ஒரே மருத்துவமனை எங்களுடையதுதான். அதன் மக்கள் தொடர்பு அதிகாரி என்ற முறையில் இதைத் தலைநிமிர்ந்து அறிவிக்கிறேன்.

டாக்டர்கள் கையால் எழுதித்தந்த டிஸ்சார்ஜ் சீட்டை ஒழித்துவிட்டு, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி அச்செடுத்துத் தரும் 'ஒளிமயமான திட்டத்தை' எங்கள் இயக்குநர் தொடங்கிவைத்தார். டாக்டர்கள் ஒவ்வொரு வரிக்கும் என்டர் தட்டி ஒழுங்காகத்தான் எழுதினார்கள். அச்சில் வரும்போது அத்தனை வரிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சாக வந்தன. புள்ளி, கமா வைக்கும் வழக்கமோ எங்கள் டாக்டர்களுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

"பாருங்க, பாதிக் காகிதம் மிச்சம்!" என்று இயக்குநர் பூரித்துப்போனார்.

இதய நோய்ப் பிரிவிலிருந்து நடந்தே வீட்டுக்குப் போன தையல்காரர் ஒருவர், அதே வாரம் ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்தார். அவர் மனைவி சீட்டும் கையுமாக இயக்குநர் அறைக்குள் நுழைந்தார்.

"இதுல போட்டபடிதானே சார் குடுத்தேன்? நீங்களே படிங்க!"

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பீரமாக வாசித்தார்: "தினமும் நடைப்பயிற்சி நிறுத்த வேண்டியது மஞ்சள் மாத்திரை தொடர வேண்டியது வெள்ளை மாத்திரை."

"நடைப்பயிற்சிய நிறுத்தணும்னு இருக்கு, நிறுத்திட்டாரு. மஞ்சள் மாத்திரைய தொடரணும்னு இருக்கு, குடுத்தேன். வெள்ளை மாத்திரைய என்ன செய்யணும்னு போடவே இல்ல. அதான் வாங்கல."

வரவழைக்கப்பட்ட டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, நான் தனித்தனி வரியா எழுதினேம்மா! அவர் தினமும் நடக்கணும். நிறுத்த வேண்டியதுதான் மஞ்சள். வெள்ளைதான் தொடரணும்!"

அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நானே என் கையால..."

"கவலைப்படாதீங்கம்மா. உங்க மேல நடவடிக்கை எதுவும் எடுக்க மாட்டோம்" என்று இயக்குநர் மன்னித்தருளினார்.

உடனே 'உயர்மட்ட அவசரக் கூட்டம்' கூடியது. மென்பொருள்காரர் எழுந்து விளக்கினார்.

"தட்டின என்டர் எல்லாம் டேட்டாபேஸ்ல பத்திரமா இருக்கு சார். எடுத்துக் காட்டும்போதுதான் ஒட்டிக்குது. சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணிடலாம்."

"பத்திரமா இருக்குல்ல? அப்புறம் எதுக்குச் சரிபண்ணணும்?"

"படிக்கிறவங்களுக்குத் தெரியலையே சார்."

"இப்ப சரிபண்ணினா இவ்வளவு நாளும் தப்பா இருந்துச்சுன்னு ஆயிடாதா?"

இந்தத் தர்க்கத்தின் ஆழத்தில் கூட்டமே மூழ்கியது. டாக்டர் மட்டும் மூச்சுவிட மேலே வந்தார்.

"வீட்டுக்குப் போன மத்த நோயாளிகளுக்காவது போன் பண்ணிச் சொல்லிடலாமே சார்?"

"நாமளா போன் பண்ணி எதுக்குப் பயமுறுத்தணும்? தேவைன்னா அவங்களே வருவாங்க."

தீர்க்கதரிசியின் வாக்கு பொய்க்கவில்லை. வந்துகொண்டே இருக்கிறார்கள். தையல்காரர் இன்னும் கண் திறக்கவில்லை. அவர் கட்டிலுக்கு இருபுறமும் புதுக் கட்டில்கள். வார்டு போதாமல் நடைக்கூடத்திலும் போட்டிருக்கிறோம். அந்தக் கட்டில் வரிசையைப் படம் எடுத்து ஆண்டறிக்கையின் அட்டையிலேயே போட்டிருக்கிறோம். கீழே உள்ள வாசகம் நான் எழுதியது: 'எங்கள் மீது மக்களுக்கு நாளுக்கு நாள் பெருகிவரும் நம்பிக்கை.'