நான் உருவிய சிவப்பு நூல்கள்

மாமியாரோடு வாதாடி ஜெயித்த மருமகன் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. ஜெயித்துவிட்டதாக அரை நாள் நினைத்துக்கொண்டு திரிந்தவன் ஒருவன் உண்டு. அவன்தான் இதை எழுதுகிறான்.

இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அங்கே பாதுகாப்பு என் பொறுப்பு. ஓடுகிற மெஷினின் பெல்ட்டுக்கு மேலே இருக்கும் கூண்டை யாராவது கழற்றி வைத்துவிட்டால், அன்றைக்கு அவருக்கு என்னிடமிருந்து ஒரு நீண்ட சொற்பொழிவு நிச்சயம். "ஒரு சாமான் எதுக்கு இருக்குன்னு தெரியாம அதுல கை வைக்காதீங்க" என்பது அதில் புகழ்பெற்ற வசனம். (புகழ் என் மனதுக்குள் மட்டும்தான்.)

வீட்டில் என் எதிரி நூல். என் மனைவி வசந்தி கர்ப்பமானதும் அவளுக்குத் துணையாக வந்த அத்தை (அவளுடைய அம்மா), கோயில் பூசாரியிடம் மந்திரித்த சிவப்பு நூலை வாங்கிவந்து கண்ட இடத்திலெல்லாம் கட்டினார். வசந்தியின் மணிக்கட்டில், வாசல் நிலையில், என் மோட்டார் சைக்கிள் ஹேண்டிலில். நான் விஞ்ஞானம் படித்தவன் (பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும்தான், ஆனாலும் விஞ்ஞானம்). ஹேண்டிலில் இருப்பதை நான் அறுத்தெறிவேன். மறுநாள் காலை அதே இடத்தில் புதிய நூல் இருக்கும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம்.

வசந்தியை நடமாடாமல் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பொழுது போகாமல் அவள் ஃபோனில் வீடியோ பார்த்து லேஸ் பின்னக் கற்றுக்கொண்டாள். சின்னச் சின்ன ஓட்டைகளாலேயே ஆனதுபோல ஒரு வெள்ளைச் சால்வை வளர ஆரம்பித்தது. அத்தைக்கு அது பிடிக்கவில்லை.

"பொறக்க முன்ன புள்ளைக்கு எதுவும் வாங்கக் கூடாது புள்ள."

"வாங்கலம்மா, பின்னத்தான் செய்றேன்."

அத்தை கொஞ்சம் யோசித்தார். "சரி. ஆனா முடிச்சிராத. கடைசியில கொஞ்சம் மிச்சம் வை."

அப்படியே கடைசிச் சில வரிகளை மட்டும் விட்டு, ஊசியோடு சால்வையை எடுத்து வைத்தாள் வசந்தி. பிள்ளை பிறந்ததும் அதை முடித்து, அதிலேயே சுற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மாதக்கணக்காகக் கூரையைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவளுக்கு அந்த ஒரு ஆசைதான் தைரியம் கொடுத்துக்கொண்டிருந்தது.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். வார்டிலிருந்து வசந்தி பேசினாள்.

"நாளைக்கு டிக்கட் வெட்டுறாங்களாம்." (வீட்டுக்கு அனுப்புவதை எங்கள் ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான் சொல்வார்கள்.) "அலுமாரியில சால்வை இருக்கு. இன்னைக்கு வரயில கொண்டாங்க, முடிச்சிர்றேன்."

அலுமாரியைத் திறந்து சால்வையை விரித்தேன். வெள்ளைப் பின்னலுக்குள் சிவப்பு நூல் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றல்ல. இடம் விட்டு இடம், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் கண்ணிகளுக்குள் நுழைந்து நுழைந்து போயிருந்தது. என் மகள் இன்னும் வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை, அதற்குள் அவளையும் கட்டியாயிற்றா என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உருவினேன். வழுக்கிக்கொண்டு வந்தன. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அத்தை கட்டிய எந்த நூலும் அவ்வளவு சுலபமாகக் கழன்றதில்லை.

பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பின்னல் ஊசி பக்கத்தில் நின்ற பெண்ணின் இடுப்பில் பட்டது. "மல்லி, மேக அனெனவனே" (தம்பி, இது குத்துதே) என்று அவர் சிங்களத்தில் சொல்லி முகம் சுளித்தார். உடனே எனக்குள் இருந்த பாதுகாப்பு அதிகாரி விழித்துக்கொண்டான். பொதுமக்கள் நலன் கருதி ஊசியைச் சால்வையிலிருந்து உருவிச் சட்டைப் பையில் செருகினேன். பை கால்களுக்கிடையில் நசுங்கியபடியே இரத்தினபுரி வந்து சேர்ந்தது.

வார்டில் அத்தை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நல்லதாயிற்று என்று அவர் முன்னாலேயே அறிவித்தேன்.

"ஒங்க அம்மா இதுலயும் நூல் கட்டி வச்சிருந்தாங்க. எல்லாத்தையும் உருவிட்டேன்."

வசந்தி என்னையே பார்த்தாள். "எல்லாத்தையுமா?"

"ஒன்னு விடல."

"ஊசி எங்க?"

பெருமையோடு சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவள் சால்வையைப் பையிலிருந்து மெதுவாக வெளியே எடுத்தாள். ஊசி பிடித்து வைத்திருந்த மேல் வரிக் கண்ணிகள் ஏற்கெனவே கீழே ஓட ஆரம்பித்திருந்தன. ஒன்றை ஊசியில் பிடித்தால் பக்கத்தில் இரண்டு கழன்றன.

"லேஸ்ல ஒரு கண்ணி விட்டா அடி வரைக்கும் ஓடிரும். அந்த நூல் இருந்தா ஓடுறது அங்கனயே நின்னுரும். அதுவரைக்கும் பிரிச்சிட்டு மறுபடி பின்னலாம். ஒரு பாதுகாப்புக்குத்தான் போட்டேன். ஒங்ககிட்ட சொன்னேனே, நீங்களும் 'ம்'முன்னீங்களே."

(சொல்லியிருப்பாள். அன்றைக்கு கிரிக்கெட்.)

"நூலு நான் குடுத்ததுதான் மருமகனே" என்றார் அத்தை, பிள்ளையைத் தட்டியபடியே. "ஆனா மந்திரிச்சது இல்ல. மந்திரிச்ச நூல யாராச்சும் கம்பளிக்குள்ள போட்டு வீணாக்குவாங்களா?"

வசந்தி இன்னும் கொஞ்ச நேரம் போராடினாள். பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் கண் கலங்கியது. மெஷினில் கை மாட்டியவர்களைப் பார்த்தபோதுகூட நான் அப்படிப் பதறியதில்லை. ஏதாவது திட்டிவிட மாட்டாளா என்று இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கைய நீட்டுங்க" என்றாள்.

நீட்டினேன். நூல் சிக்காமலிருக்க என் இரண்டு கைகளிலும் அதைச் சுற்றியபடியே சால்வையைப் பிரிக்க ஆரம்பித்தாள். பார்வையாளர் நேரம். வார்டு நிறைய ஆட்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் இரு கைகளையும் ஏந்திக்கொண்டு ஒரு மனிதன் நிற்கிறான், அவன் மேல் நூல் ஏறிக்கொண்டே இருக்கிறது. அடுத்த கட்டில் பெண் என்ன விஷயம் என்று கேட்க, அத்தை நல்ல சிங்களத்தில் மோட்டார் சைக்கிள் ஹேண்டிலிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னார். நர்ஸ் மருந்துத் தட்டோடு நின்று கேட்டார். கடைசியில் வசந்தியும் சிரித்துவிட்டாள். "சிரிக்க வைக்காதீங்கம்மா, தையல் வலிக்குது" என்றாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

மகள் அத்தையின் பழைய நூல் சேலைத் துண்டில் வீடு வந்தாள். சால்வை மறுபடி முடிந்தபோது அவள் அதை இழுத்துக்கொண்டு தவழும் வயதாகியிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த நூலையும் நான் தொடுவதில்லை. இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் கலைவிழாவில் அவளுக்கு நடனம். வசந்தி மற்றப் பிள்ளைகளுக்குத் தலை சீவப் போய்விட்டாள், உடுப்புப் போட்டுவிடும் வேலை எனக்கு. புதுப் பாவாடையின் மடிப்புகள் கலையாமலிருக்கக் கீழ் ஓரத்தைச் சுற்றி நீள நீளமாக ஒரு தையல் போட்டிருந்தது. கை அதனிடம் போனது. உடனே இழுத்துக்கொண்டேன். வசந்திக்கு ஃபோன் எடுத்தேன், பதில் இல்லை. அப்படியே மேடைக்கு அனுப்பிவிட்டேன்.

மயில் நடனம். மற்ற மயில்களெல்லாம் சுழன்று ஆடின. எங்கள் மயில் பாவாடை விரியாமல் முழங்கால் இரண்டும் கட்டுண்டு, பாட்டு முடியும்வரை குதித்துக் குதித்தே ஆடியது.

"கண்ணு தெரியாதா ஒங்களுக்கு? அந்த நூல உருவிவிட்டா என்ன?" என்று வசந்தி என் பக்கம் திரும்பினாள்.

அத்தை மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "விடு புள்ள. மனுசன் இப்பத்தான் திருந்தியிருக்காரு."