மாடியை இறக்கிய ராட்டினம்

திருச்சி பெரிய கடைவீதியில் மாடி ஏறிய மனிதர்கள் எத்தனையோ பேர். மாடியில் இருந்த ஆபீசையே தரைக்கு இறக்கிய மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் டைப்பிஸ்ட். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. எங்களுக்கு அவர் ராட்டினம்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே குமாஸ்தா. அரிசி மில்களுக்கு பெல்ட்டும் சல்லடையும் விற்கும் கம்பெனி. கீழே கிடங்கு, மேலே ஆபீஸ், நடுவில் செங்குத்தான மரப்படி. அவர் தபாலில் விண்ணப்பித்து, டைப் அடித்த அழகுக்காகவே தபாலிலேயே வேலையும் வாங்கிவிட்டார். முதல் நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து, கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில், ரப்பர் ஹார்னை அலறவிட்டபடி வந்து நின்றபோதுதான் அவரால் நடக்க முடியாது என்று மேனேஜருக்குத் தெரிந்தது.

"ஆபீஸ் மாடியில இருக்குங்களே..." என்று ஜன்னலிலிருந்து இழுத்தார் மேனேஜர்.

"அது ஆபீஸ் பண்ணின தப்பு சார். என் தலையில கட்டாதீங்கோ!"

மேனேஜர் பொல்லாதவர் அல்ல. வழக்கத்தில் இல்லாத எதைப் பார்த்தாலும் மிரண்டுபோகிறவர். "ஆறு மாசம் பார்ப்போம்" என்றார். டைப்ரைட்டர் கிடங்கு வாசலுக்கு, அவர் வண்டியின் முன்னால் இறங்கியது. மறுநாளே நம்மவர் தம் வீட்டுக் கிணற்று ராட்டினத்தைக் கழற்றிக் கொண்டுவந்து மாடி ஜன்னலில் மாட்டச் சொன்னார். கயிற்றில் ஒரு கூடை. குறிப்பு இறங்கும், டைப் அடித்த கடிதம் ஏறும். சமயத்தில் காபியும் ஏறும். பெயர் வந்த கதை இதுதான். வீட்டில் மாமி ராட்டினம் இல்லாமல் தண்ணீர் இறைத்துக்கொண்டு அவரை என்ன சொன்னார் என்பதை எழுத முடியாது.

ஒருநாள் எட்டிப் பார்த்த மேனேஜரின் மூக்குக்கண்ணாடி நழுவி, இறங்கிக்கொண்டிருந்த கூடையில் விழுந்தது. கூடை திரும்பியபோது அதில் கண்ணாடியும் ஒரு கடிதமும் இருந்தன. "தங்கள் கண்ணாடி ஒன்று இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்கவும்." மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதைப் படித்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். வழக்கம் என்றால் வழக்கம்!

மண்ணச்சநல்லூர் மில்காரர்களுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. படி ஏறாமல் கீழேயே ராட்டினத்திடம் ஆர்டர் சொல்லிவிட்டுப் போனார்கள். மேலே நாங்கள் ஈ ஓட்டினோம்.

ஆறு மாதம் முடிந்தது. முதலாளி வந்து மாடியில் உட்கார்ந்தார்.

"மேல வந்து முதலாளி முன்னால கையெழுத்துப் போட்டாத்தான் வேலை நிரந்தரம். அதுதான் வழக்கம். இல்லேன்னா இன்னியோட சரிங்க" என்று ஜன்னலிலிருந்து ராட்டினத்திடம் சொன்னார் மேனேஜர், பரிதாபமாக.

நாங்கள் நான்கு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிவிடலாம் என்று கீழே ஓடினோம்.

"தொடாதீங்கோ!" ஹார்ன் அலறியது. "இன்னிக்குத் தூக்குவேள். நாளைக்கு உங்கள்ல ஒருத்தருக்கு ஜுரம்னா, நானும் லீவா?"

"வேலை போயிடும் சார்!" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் வீட்டில் அந்த ஒரு சம்பளம்தான்.

அவர் ஜன்னலை நிமிர்ந்து பார்த்துக் கத்தினார்: "கோயிலுக்கு வர முடியாதவாளுக்காகப் பெருமாளே வீதிக்கு எழுந்தருள்றார்! உங்களுக்கு இந்த நாலு படி இறங்கக் கசக்கறதோ?"

தொலைந்தோம் என்று நினைத்தேன். அப்புறம் மரப்படி கிறீச்சிட்டது. பருத்த உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியாக முதலாளி இறங்கி வந்தார். பின்னால் உத்தரவுக் காகிதத்தை மார்போடு அணைத்தபடி மேனேஜர்.

"பெருமாளே இறங்குறாருன்னா நான் எம்மாத்திரம்? போடுங்க கையெழுத்தை" என்றார் முதலாளி. பிறகு ஒரு சரக்குப் பெட்டிமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஆர்டர் சொல்லக் காத்திருந்த மில்காரர்களைப் பார்த்தார்.

"வியாபாரம் இங்க நடக்குது. மேல நாம என்னய்யா பண்றோம்? பெட்டியெல்லாம் மாடிக்குப் போகட்டும், ஆபீஸ் கீழ வரட்டும்."

"பெட்டிங்களை எப்படிங்க மேல ஏத்துறது?" என்று பதறினார் மேனேஜர்.

எல்லோரும் தலையைத் தூக்கி, ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த கிணற்று ராட்டினத்தைப் பார்த்தோம்.

பெட்டிகளுக்காகப் பெரிதாக ஒன்று வாங்கினார்கள். மாமிக்குத் தன்னுடையது திரும்பக் கிடைத்தது. வாசல் படிமேல் சரிவாகப் பலகை அடிக்கச் சொன்னவர் மேனேஜர்தான். அது ஆடுகிறதா என்று தினமும் காலையில் தாமே ஏறி இறங்கிப் பார்ப்பார், அதுவும் வழக்கமாகிவிட்டது. அந்தப் பலகை வழியாக ராட்டினம் முதன்முதலில் வண்டியோடு உள்ளே வந்து, எங்கள் மேசைகளுக்கு நடுவில் நின்று ஹார்னை அழுத்தினார். எனக்கே பதவி உயர்வு கிடைத்ததுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

இன்றும் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் பெருமாள் எழுந்தருளும்போது கைகூப்பி நிற்கிறேன். காது மட்டும் அந்த ரப்பர் ஹார்னைத் தேடுகிறது.