வெள்ளிக்கிழமைக்கு ஒரு சான்றிதழ்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டுக் கடன் அட்டையைக் கண்டுபிடித்தது. இந்த மூன்றாவது கண்டுபிடிப்பு திருத்தணிக்கு வந்து சேர்ந்தது 1987ஆம் வருடம் சித்திரை மாதத்தில், ஒரு புதன்கிழமை. அன்று ஊரில் கரண்ட் இல்லாததால் சரித்திரம் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டது.

அட்டையைப் பெறும் பாக்கியம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் கோதண்டத்துக்குக் கிடைத்தது. வழங்கியவர் கடைத்தெரு வங்கியின் மேலாளர் இளங்கோவன். மிகவும் தன்மையானவர். ‘தகுதி வாய்ந்த’ இருபது பேரைக் கண்டுபிடிக்கும்படி மேலிடம் அவருக்கு உத்தரவிட்டிருந்தது. ஊரில் அவருக்கு அகப்பட்ட தகுதி வாய்ந்தவர்கள் பதினொரு பேர். மீதி ஒன்பது பேருக்கும் அவரே பெருந்தன்மையுடன் தகுதியை உண்டாக்கிக் கொடுத்தார். கோதண்டம் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. அத்தனை தன்மை.

கோதண்டத்தின் மனைவி தேவகி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது இன்னாத்துக்குங்க?"

"காசே குடுக்காம பொருள் வாங்கலாம்."

"அதான் மளிகைக் கடையில நோட்டு போட்டு வாங்கிகினு இருக்கோமே."

"அது கடன். இது கிரெடிட்" என்றார் கோதண்டம், கண்ணை மூடிக்கொண்டு.

திருத்தணியில் அந்த அட்டையை வாங்கிக்கொள்ளும் கடை ஒன்றும் இல்லை. அரக்கோணத்திலும் இல்லை. மெட்ராஸுக்குப் போக வேண்டும். ஜூலையில் சங்க வேலையாக மெட்ராஸ் போன கோதண்டம், நூற்று முப்பத்திரண்டு ரூபாய்க்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டு வந்தார். அவர் வேட்டி கட்டுகிறவர். வேட்டிக்கு ஷூ போடுவதில்லை. ஆனால் அந்தக் கடையில் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வேட்டிக் கடையில் வாங்கவில்லை.

"ஒரு பைசா குடுக்கல தேவகி. மிஷின்ல வச்சி சரக்குனு ஒரு இழுப்பு. கையெழுத்துப் போட்டேன். அவன் எனக்கு வணக்கம் வேற வச்சான்."

தேவகிக்கு அந்த வணக்கம்தான் உறுத்தியது. காசு கொடுத்தவருக்கு வைக்காத வணக்கத்தைக் கொடுக்காதவருக்கு ஏன் வைத்தான்? அவள் தன் வாழ்க்கையில் பால்காரனுக்கு ஒன்றாம் தேதி, சீட்டுக்காரருக்கு ஐந்தாம் தேதி என்று கொடுத்துக் கொடுத்தே நாற்பத்தைந்து வயதை அடைந்தவள். யாரும் வணக்கம் வைத்ததாக நினைவில்லை. அடுத்த மாதமும் சரியாக வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

வங்கியின் பம்பாய்த் தலைமை அலுவலகத்திலிருந்து பில் வந்தது. ஆகஸ்ட் பதினான்காம் தேதிக்குள் எந்தக் கிளையிலும் கட்டலாம் என்று போட்டிருந்தது. கோதண்டம் சம்பளக் கவரிலிருந்து பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு கிளம்பினார், பதினான்காம் தேதி காலையில். தேவகி வாசலை மறித்தாள்.

"இன்னாங்க, இன்னிக்கு இன்னா கெழமை?"

"வெள்ளி."

"வெறும் வெள்ளியா? கடைசி ஆடி வெள்ளி. வூட்டு லட்சுமிய இன்னிக்கா வெளிய அனுப்புவாங்க?"

கோதண்டம் யோசித்தார். சனிக்கிழமை சுதந்திர தினம். அடுத்த நாள் ஞாயிறு. திங்கட்கிழமை ஆவணி முதல் தேதி, நல்ல நாள். திங்கட்கிழமை போனார். காசாளர் நாகேந்திரன் அவரைப் பார்த்து, "நல்ல வேள சார், வெள்ளிக்கிழமை வரல. அன்னிக்கு ஈ காக்கா வரல. எங்க வூட்லயும் பூவுக்குக்கூட சில்லற குடுக்க மாட்டேன்னுட்டாங்க" என்றார். பிறகு பில்லைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பணத்தைத் தொடாமல், வேறு குரலில் பேசினார். "தேதி தாண்டிடுச்சே சார். தேதிக்குள்ளன்னா எந்தக் கிளையிலும் கட்டலாம். தாண்டிட்டா பம்பாய்லதான் கட்டணும்."

பம்பாய்க்கு டிராஃப்ட் போயிற்று. போய்ச் சேர ஒன்பது நாள். அதற்குள் இருபத்தைந்து ரூபாய் ‘தாமதக் கட்டணம்’ விழுந்திருந்தது. அந்த இருபத்தைந்துக்கு டிராஃப்ட் எடுத்து அனுப்பினார். அது போய்ச் சேர்வதற்குள் அதைக் கட்டத் தாமதமானதற்காக இன்னோர் இருபத்தைந்து. எத்தனை முறை கட்டினாலும் பாக்கி இருபத்தைந்துதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த ஒழுங்கை வானத்துக் கிரகங்களிடம் மட்டுமே காண முடியும்.

முதல் தாமதக் கடிதம் வந்ததிலிருந்து கோதண்டம் கடைத்தெரு வழியாகச் சங்கத்துக்குப் போவதை விட்டுவிட்டார். சங்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு மணி நேரம் முழங்கக்கூடிய மனிதர், வங்கியின் பலகை கண்ணில் படாமலிருக்கக் குளத்தைச் சுற்றிக்கொண்டு போனார். ஆகவே இந்த விவகாரம், வீட்டில் மற்ற எல்லா விவகாரங்களும் வந்து சேரும் இடத்துக்கே வந்து சேர்ந்தது. தேவகியிடம்.

இருபத்தைந்து ரூபாயோடு போயிருந்தால் தேவகி அதை மறந்திருப்பாள். ஆனால் அதே வங்கியில் அவளுடைய அக்கா ரஞ்சிதத்தின் சங்கிலி இருந்தது. ஐந்து சவரன், இரட்டை வடம். இரண்டு வருடத்துக்கு முன் கோதண்டத்துக்கு வேலூரில் ஆபரேஷன் என்றபோது, பள்ளிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த ரஞ்சிதம், கழுத்திலிருந்து கழற்றித் தங்கையின் கையில் வைத்து மூடினாள். "வச்சிக்கினு ஆவறதப் பாரு. சந்திரா கல்யாணத்துக்கு முன்னாடி குடுத்தா போதும்" என்றாள். தறி ஓட்டிச் சேர்த்த சங்கிலி. தேவகி தன் பெயரில் அடகு வைத்தாள். மாதா மாதம் கட்டி, புரட்டாசியில் கடைசித் தவணையும் தீர்த்தாள். ரஞ்சிதத்தின் மகள் சந்திராவுக்கு நவம்பர் பதினைந்தாம் தேதி, திருத்தணி மலைமேல் கல்யாணம்.

தவணை தீர்ந்த ரசீதோடு போய் நின்ற தேவகியை மேலாளர் உட்காரச் சொன்னார். "நகைக் கடன் சுத்தமா முடிஞ்சிடுச்சும்மா. ஒரு நாள்கூட தவறாம கட்டியிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்."

"அப்ப சங்கிலி..."

"அது குடுக்க முடியாதும்மா. அட்டையில ஒரு பாக்கி நிக்குது. எங்களுக்கு பாக்கி இருந்தா, எங்க கையில இருக்கிற பொருள நிறுத்தி வைக்கலாம்னு சட்டம்."

"அட்டை அவரு பேர்ல. நகை என் பேர்ல."

"கணவன் மனைவிய நாங்க பிரிச்சிப் பாக்கறதில்லம்மா" என்றார் இளங்கோவன், நெகிழ்ச்சியுடன்.

"அப்ப அந்த இருபத்தஞ்ச நான் இப்பவே கட்டிடறேன்."

"நீங்க அட்டைதாரர் இல்லையேம்மா. அதோட, தேதி தாண்டின பணத்த நாங்க தொடக்கூடாது."

தேவகி வெளியே வந்தாள். கைப்பையில் இருபத்தைந்து ரூபாய் இருந்தது. அதை வாங்கிக்கொள்ள அவ்வளவு பெரிய வங்கியில் ஒரு கை இல்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. பம்பாய்க் கடிதத்தில் சிவப்பு மையில் அடித்திருந்த ‘தாமதம்’ என்ற முத்திரை தன் நெற்றியில் இருப்பதுபோல், தெரிந்தவர் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டாள். ஆடி வெள்ளி என்று வாசலை மறித்தவள் அவள்தானே. லட்சுமியை வீட்டில் நிறுத்தியது அவள். லட்சுமி வீட்டில் நின்றாள். அக்காவின் சங்கிலி வெளியில் நின்றுவிட்டது.

கோதண்டம் பம்பாய்க்கு ஒரு விளக்கம் எழுதினார். தாமதத்துக்குக் காரணம் வெள்ளிக்கிழமை. பம்பாய் மூன்று வாரத்தில் பதில் போட்டது: ‘தாங்கள் குறிப்பிட்டுள்ள வெள்ளிக்கிழமைக்கு உரிய ஆவணச் சான்றை இணைக்கவும்.’

தேவகி கிராம நிர்வாக அதிகாரி துளசிங்கத்திடம் போனாள். அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார்.

"பொறப்புக்குக் குடுத்திருக்கேன், எறப்புக்குக் குடுத்திருக்கேன். ஒருத்தன் உயிரோட இருக்கான்னுகூட குடுத்திருக்கேன். கெழமைக்குக் குடுத்ததில்லம்மா."

"குடுக்கக் கூடாதுங்களா?"

"கூடாதுன்னு இல்ல. விசாரிச்சிதான் குடுக்கணும்." அவர் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார். "யோவ், ஆடி கடைசி வெள்ளி இன்னா கெழமைய்யா?"

"வெள்ளிங்க."

"சாட்சி கெடச்சாச்சி" என்று எழுதத் தொடங்கினார். ‘மேற்படி தேதியில் திருத்தணி கிராம எல்லைக்குள் வெள்ளிக்கிழமை நிலவியது என்று நேரில் விசாரித்து அறிந்தேன்.’ கையெழுத்து, முத்திரை. ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டார். மற்றவர்களிடம் பத்து.

பம்பாயின் பதில் நவம்பர் முதல் வாரம் வந்தது. நியாய உணர்ச்சி ததும்பிய கடிதம். ‘தங்கள் சான்று பரிசீலிக்கப்பட்டது. மேற்படி நாளில் திருத்தணியில் வெள்ளிக்கிழமை நிலவியது ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஆனால் அதே நாளில் பம்பாயிலும் வெள்ளிக்கிழமையே நிலவியதால், தங்களுக்கு மட்டும் சலுகை வழங்க இயலாமைக்கு வருந்துகிறோம். பரிசீலனைக் காலத்துக்கான தாமதக் கட்டணம் ரூ. 25.’

கல்யாணத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை. வங்கி அரை நாள்தான். பெண் வீட்டார் மலையடிவாரச் சத்திரத்தில் வந்து இறங்கியாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் நகரிக்காரர்கள். ஐந்து சவரன் என்று பேசியிருந்தால் மணமேடைக்கு வருமுன் ஐந்து சவரனைக் கண்ணால் பார்க்க வேண்டும் அவர்களுக்கு. ரஞ்சிதம் தங்கையைத் தேடிவந்து விஷயத்தைக் கேட்டாள். கத்தவில்லை. அதுதான் தேவகியைக் கொன்றது.

"நீ கட்டலியாடி?"

"எல்லாம் கட்டிட்டேங்க்கா."

"கட்டிட்டா குடுக்கணுமே. வா, போலாம்."

பதினோரு மணிக்கு அக்காவும் தங்கையும் மேலாளர் அறை வாசலில் நின்றார்கள். உள்ளே அரிசி மில் ராஜமாணிக்கம் உட்கார்ந்திருந்தார். ஏழு வருடத்துக்கு முன் மூன்று லட்சம் வாங்கியவர். ஒரு தவணைகூடக் கட்டாதவர் என்பது மலைமேல் இருக்கும் குரங்குகளுக்கும் தெரியும். மேலாளர் எழுந்து நின்று அவரை வழியனுப்பினார்; அவர் துண்டு நாற்காலியிலேயே இருந்துவிட, பின்னாலேயே ஓடிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ரஞ்சிதம் நாற்காலியில் உட்காரவில்லை. "எம் பொண்ணுக்கு நாளைக்குக் காலைல கல்யாணம். எஞ்சங்கிலி எங்க சார்?"

"பெட்டகத்துல ரொம்ப பாதுகாப்பா இருக்கும்மா."

"இருபத்தஞ்சி ரூவாய்க்கா?"

"தொகை முக்கியமில்லம்மா. கொள்கை."

"இப்ப போனாரே, அவரு மூணு லட்சத்துக்கு இன்னா கொள்கை? அவரு வூட்டுச் சங்கிலியும் உள்ளதான் கீதுங்களா?"

மேலாளர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். அதிகம் படிக்காத இரண்டு பெண்களுக்கு வங்கித் தொழிலின் நுட்பத்தை விளக்குவதில் அவருக்கு ஓர் ஆசிரியரின் பொறுமை வந்துவிட்டது.

"அம்மா, அவரப் பணம் கேட்டா, இல்லன்னுடுவாரு. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா அது வாராக் கடன். வாராக் கடன்னு ஒண்ணு எழுதிட்டா கிளைக்குக் கெட்ட பேரு. அதனால நாங்க கேக்கறதேயில்ல. கேக்காத வரைக்கும் அது நல்ல கடன். நீங்க அப்படியா? கேட்டா கட்டறீங்க. அதனாலதான் கேக்கறோம்."

தேவகி அந்த வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு மாதமாக நெற்றியில் சுமந்துகொண்டிருந்த சிவப்பு முத்திரை எதற்காக விழுந்தது என்று அவளுக்கு விளங்கிற்று. கட்டாதவளென்று அல்ல, கட்டுகிறவள் என்று தெரிந்துதான் அவளைப் பிடித்திருக்கிறார்கள். ஒன்றாம் தேதியும் ஐந்தாம் தேதியும் அவள் வாசலில் வந்து நின்றவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. அவளுக்கு மட்டும் இதை யாரும் சொல்லவில்லை.

"ஒரு வெள்ளத்தாளு குடுங்க" என்றாள்.

"மறுபடியும் விண்ணப்பமாம்மா? குடுங்க, திங்கட்கிழமை பம்பாய்க்கு அனுப்பிடறேன்."

அவள் நின்றபடியே, மேஜை ஓரத்தில் வைத்து, நிறுத்தி நிதானமாக எழுதினாள். ‘கோதண்டத்தின் அட்டையில் நிற்கும் இருபத்தைந்து ரூபாயைக் கட்ட மாட்டோம். இன்றைக்கும் இல்லை. என்றைக்கும் இல்லை.’ கீழே தன் பெயரை எழுதி, கோடு போட்டாள்.

மேலாளர் ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். முகம் வெளிறிப் போயிற்று.

"இன்னாம்மா இது? இத நான் ஃபைல்ல வச்சா வாராக் கடன் ஆயிடுமே! இருபது அட்டையும் நல்ல அட்டைன்னு அடுத்த மாசம் எனக்குக் கோயம்புத்தூர்ல கேடயம் தராங்க. நீங்க பாக்கியாவே இருங்கம்மா. கட்டறோம் கட்டறோம்னே சொல்லிகினு இருங்க. யாரு வேணாம்னா?"

"நான் கையெழுத்துப் போட்டா செல்லாதுன்னு சொல்வீங்களா?" என்று தேவகி கேட்டாள். "கணவன் மனைவிய நீங்கதான் பிரிச்சிப் பாக்கறதில்லையே."

"ஏன் சார், இத அந்தப் பக்கத்துக் கவுண்டர்ல குடுத்து முத்திரை அடிச்சி வாங்கிக்கலாமா?" என்றாள் ரஞ்சிதம், ரொம்ப மரியாதையாக. "பம்பாய்க்கு நாங்களே தபால்ல போட்டுக்கறோம். இப்பதான் அட்ரஸ் தெரியுதே."

"நாகேந்திரன்! சாவிய எடுத்துகினு வாய்யா!"

இரண்டு மாதம் ஆகாத காரியம் ஏழு நிமிடத்தில் ஆயிற்று. துணி உறையில் அரக்கு முத்திரையோடு சங்கிலி வந்தது. ரஞ்சிதம் உறையைக் கிழித்து, இரட்டை வடத்தையும் விரலால் நீவிப் பார்த்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். மேலாளர் வெள்ளைத்தாளை நான்காகக் கிழித்து, எட்டாகக் கிழித்து, குப்பைக் கூடையில் போடாமல் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தேவகியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. உண்மையான மனவருத்தம் இருந்தது.

"இத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார். "கட்டறேன் கட்டறேன்னு சொல்லியே மூணு மாசமா எங்கள எவ்வளவு கஷ்டப்படுத்திட்டீங்க!"